சாக்கில் போன பூனைகள்

எங்கள் தெருக்கோடியில் ஒரு மீன்கடை வரிசை. காலை 6 மணிக்கு ஐஸ் பெட்டிகள் வந்து இறங்கும். 11 மணிக்குள் வியாபாரம் முடிந்து, குடலும் செவுளும் செதிலும் ஒரு பிளாஸ்டிக் கூடையில் சேர்ந்துவிடும். அந்தக் கூடையைச் சுற்றி எப்போது பார்த்தாலும் பத்துப் பூனைகள்.

சில வருஷங்களுக்கு முன்பு தெருவில் சிலர் சேர்ந்து ஒரு முடிவெடுத்தார்கள். கருவாட்டைக் காட்டி ஐந்து பூனைகளைப் பிடித்து, சாக்கில் போட்டு வாயைக் கட்டி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சந்தையில் அவிழ்த்துவிட்டு வந்தார்கள். வழி தெரியக்கூடாது என்பதற்குத்தான் சாக்கு. ஆறு தாண்டிவிட்டால் பூனை திரும்பாது என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. அந்த ஐந்தும் திரும்பவில்லை. ஆனால் மறுவருஷம் அதே கூடையைச் சுற்றி எண்ணினால் மறுபடியும் பத்து.

மீன் வெட்டித் தரும் அக்கா ஒருநாள் கத்தியைக் கழுவிக்கொண்டே கேட்டார்: “போனதுங்க வரல தம்பி. இதுங்க எல்லாம் வேற மூஞ்சி. இதுங்களுக்கு யாரு போயி சொன்னது, இங்க இடம் காலின்னு?”

தெருப்பூனைகளைப் பற்றி நான் கேட்ட கேள்விகளிலேயே கூர்மையானது இதுதான். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த அக்காவுக்குச் சொல்லும் பதில்.

தெரு எத்தனை பேருக்குச் சோறு போடும்?

நம் வீட்டுப் பூனையின் முன்னோர் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனைகள். தனியாக அலைந்து, தனியாக வேட்டையாடி, தனியாகத் தின்பவை. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் மேற்காசியாவில் மனிதர்கள் தானியத்தைச் சேமிக்கத் தொடங்கியதும் எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் ஒரு மனிதரின் பக்கத்திலேயே புதைக்கப்பட்டிருந்த பூனையின் எலும்புக்கூடு கிடைத்திருக்கிறது. வயது சுமார் 9,500 ஆண்டு. மாட்டையும் ஆட்டையும் நாம் கட்டி வைத்துப் பழக்கினோம். பூனை தானாக வந்தது, உணவு இருக்கும் இடத்துக்கு. இன்றும் அப்படித்தான் வருகிறது.

உணவு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தால் பூனை தனியாக வாழும். ஒரே இடத்தில் குவிந்து கிடந்தால் சேர்ந்து வாழும். ஆளில்லாத காடுகளில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஒரு பூனைகூடத் தேறாது. ஜப்பானில் ஐனோஷிமா என்ற சிறிய மீனவத் தீவில் இந்தக் கணக்கு 2,000ஐத் தாண்டியது. அங்கே மீன் கழிவு கொட்டும் இடங்கள்தான் மையம். ஒவ்வொரு குப்பைமேட்டுக்கும் ஒரு தனிக் கூட்டம் சொந்தம் கொண்டாடுவதை ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் கவனித்து எழுதியிருக்கிறார்கள். எங்கள் மீன்கூடையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தீவு நினைவுக்கு வரும்.

இப்படி ஓர் உணவிடத்தை ஒட்டி நிலையாக வாழும் கூட்டத்தை இங்கே ‘பூனைக்குடி’ என்று சொல்லிக்கொள்வோம். குடி என்ற சொல்லை வேண்டுமென்றே எடுத்தேன், ஏனென்றால் அது உறவுமுறை உள்ள கூட்டம். தாய், மகள், பெரியம்மா, சித்தி என்று பெட்டைப் பூனைகள்தான் அதன் நடுத்தூண். ஒன்றின் குட்டிக்கு இன்னொன்று பால் கொடுப்பதும் உண்டு. கடுவன்கள் பெரும்பாலும் வந்து போகிறவை. நாலைந்து தெருக்கள் சேர்ந்ததுதான் ஒரு கடுவனின் ஊர்.

ஒரு குடி எவ்வளவு பெரிதாகலாம் என்பதை முடிவு செய்வது அந்த இடத்தில் கிடைக்கும் தீனியும் ஒதுங்க இடமும்தான். இதைத் ‘தாங்குதிறன்’ என்பார்கள்: ஓர் இடம் எத்தனை உயிர்களுக்குச் சோறு போடும் என்ற அளவு. எங்கள் தெருவின் தாங்குதிறன் பத்து. மீன்கூடை, இரண்டு பிரியாணிக் கடைகளின் பின்வாசல், மூன்று வீட்டு மாடிகளில் வைக்கும் சாதம், பழைய அச்சகத்தின் பூட்டிய ஷெட் எல்லாம் சேர்ந்து அந்தப் பத்து வருகிறது. சாக்கில் பூனைகள்தான் போயின. கூடையும் ஷெட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.

பத்துப் பூனைகளின் ஒரு வருஷம்

இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தால்தான் உள்ளே நடப்பது தெரியும். கூட்டல், பெருக்கல் போதும்.

பத்துப் பூனைகளில் ஆறு பெட்டை, நான்கு கடுவன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெட்டை ஆண்டுக்கு எத்தனை குட்டி போடும்? அமெரிக்காவின் வட கரோலினாவில் தெருப்பூனைகளைப் பின்தொடர்ந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல எண்களைத் தருகிறது. ஒரு பெட்டை ஆண்டுக்குச் சராசரி 1.4 ஈற்று, ஈற்றுக்கு மூன்று குட்டி. அதாவது வருஷத்துக்கு நாலு குட்டிக்குச் சற்று மேல். நம் ஊரில் இது கூடுதலாகவே இருக்கும். பகல் நீளமாக இருக்கும் காலத்தில்தான் பெட்டைப் பூனைக்குச் சினைப்பருவம் வரும். குளிர்நாடுகளில் பகல் எட்டு மணி நேரமாகச் சுருங்கும் மாதங்களில் அதற்கு ஓய்வு கிடைக்கிறது. சென்னையில் மார்கழியிலும் பகல் 11 மணி நேரத்துக்கு மேல்.

அது போதாதென்று பூனையின் உடலில் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. கடுவனோடு சேர்ந்த பிறகுதான் கருமுட்டை வெளியே வரும். முட்டை வந்து காத்திருந்து வீணாகும் பேச்சே இல்லை. சேர்ந்தால் பெரும்பாலும் சினைதான். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். குட்டிகள் பால் மறக்கும் முன்பே தாய் மறுபடி சினையாகிவிடலாம். முந்தின ஈற்றுக் குட்டிகளில் பெட்டை இருந்தால் அதற்கும் நாலைந்து மாதத்தில் பருவம் வந்துவிடும்.

சரி, குறைந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஆறு பெட்டைகளுக்கு வருஷம் 25 குட்டி. பத்தும் இருபத்தைந்தும் சேர்ந்தால் 35. ஆனால் டிசம்பரில் எண்ணினால் பத்துதான் இருக்கிறது. மீதி எங்கே?

அதே ஆய்வு இதற்கும் பதில் வைத்திருக்கிறது. அவர்கள் பின்தொடர்ந்த 169 குட்டிகளில் 127 ஆறு மாதம் முடிவதற்குள் இறந்தன அல்லது காணாமல் போயின. நூற்றுக்கு எழுபத்தைந்து. வாகனம், நாய், நோய். எங்கள் தெருவுக்கு இதைப் பொருத்தினால் 25இல் 19 குட்டிகள் போய்விடும். ஆறு தப்பும். பத்துக்குச் சோறு போடும் தெருவில் இப்போது பதினாறு. அந்த உபரி ஆறும் அடிபட்டோ, இளைத்தோ, துரத்தப்பட்டு வேறு தெருவுக்குப் போயோ கழியும்.

ஆக, வருஷா வருஷம் பத்து என்ற எண் மாறவே மாறாது. மாறாமல் இருப்பதற்காக ஆண்டுக்கு 25 உயிர்கள் கழிகின்றன. “இந்தத் தெருவுல எப்பவும் இவ்ளோதான் சார் பூனை” என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் வாக்கியத்துக்கு அடியில் இது இருக்கிறது. முதல்முறை இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் பால் வாங்கப் போகும்போது ஓரமாகக் கிடக்கும் ஒரு சின்ன உடலைத் தாண்டி எத்தனை முறை நடந்திருக்கிறேன்!

ஒரு ஜோடிப் பூனை ஏழு வருஷத்தில் நான்கு லட்சம் பூனைகளாகிவிடும் என்று சில துண்டறிக்கைகளில் பார்த்திருப்பீர்கள். பிறந்த ஒரு குட்டிகூடச் சாகாது என்று வைத்துப் போட்ட கணக்கு அது. நல்ல நோக்கத்தோடு சொன்னாலும் தவறு தவறுதான். நாம் வருந்த வேண்டியது வராத நான்கு லட்சத்துக்காக இல்லை, வந்து போகும் அந்த இருபத்தைந்துக்காக.

சாக்குக் கணக்கு

இப்போது ஐந்து பூனைகளைச் சாக்கில் கொண்டுபோகிறோம். மூன்று பெட்டை, இரண்டு கடுவன். மிச்சம் ஐந்து, அதில் பெட்டை மூன்று. அவை 12, 13 குட்டி போடும்.

ஆனால் தெருவில் தீனி குறையவில்லை. பத்துப் பேர் சோற்றை ஐந்து பேர் தின்கிறார்கள். தாய்க்கு வயிறு நிறைந்தால் பால் நன்றாகச் சுரக்கும். குட்டி நோயைத் தாங்கும். முன்பு நாலில் ஒன்று தப்பியது, இப்போது இரண்டில் ஒன்று தப்புகிறது என்று வைத்துக்கொண்டால் ஆறு குட்டிகள் வளர்ந்து நிற்கும். ஐந்தும் ஆறும் பதினொன்று. ஒரே வருஷத்தில் சாக்கு ஏற்படுத்திய பள்ளம் நிரம்பிவிட்டது, வெளியூர்ப் பூனை ஒன்றுகூட வராமலேயே.

வெளியிலிருந்தும் வரத்தான் செய்யும். பக்கத்துத் தெருவிலும் வருஷா வருஷம் உபரி பிறக்கிறது. அந்த இளம் பூனைகள் ஒண்ட இடம் தேடி அலைகின்றன. முன்பு இங்கே எட்டிப் பார்த்தால் ஒரு முரட்டுக் கடுவன் சீறி விரட்டியது. இப்போது விரட்ட ஆளில்லை. இதைக் ‘காலியிட ஈர்ப்பு’ என்று சொல்லலாம். மீன்கடை அக்கா கேட்டதற்குப் பதில் இதுதான்: யாரும் போய்ச் சொல்லவில்லை. அவை எப்போதும் எல்லையில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தன.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவுக் காடுகளில் இதை நேராகவே சோதித்தார்கள். இரண்டு இடங்களில் பூனைகளைப் பிடித்து அகற்றிக்கொண்டே, தானியங்கிக் கேமராக்கள் வைத்து எண்ணினார்கள். 2014இல் முடிவு வெளிவந்தது. அகற்றிய காலத்தில் பூனைகள் குறையாதது மட்டுமில்லை, ஓரிடத்தில் 75 சதவீதமும் இன்னொன்றில் 211 சதவீதமும் கூடியிருந்தன. காட்டை ஆண்ட பெரிய பூனைகள் போனதும் சுற்றுவட்டாரத்திலிருந்து சின்னவை உள்ளே இறங்கியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

சாக்கில் போன ஐந்தும் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவை அவிழ்த்துவிடப்பட்ட சந்தைக்கும் ஒரு தாங்குதிறன் உண்டு. அதுவும் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். மறைவிடம் தெரியாது, சாலை தெரியாது, எந்த நாய் கடிக்கும் என்று தெரியாது. பொறுக்கித் தின்னும் இடத்தில் ஏற்கெனவே ஒரு குடி உட்கார்ந்திருக்கும்.

பாதி போதாது

எண்ணிக்கையைக் குறைக்க வேண்டுமானால் பிறப்பைக் குறைக்க வேண்டும். பூனையைப் பிடித்து, கருத்தடை அறுவை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடும் முறை உலகமெங்கும் பரவியிருக்கிறது. எங்கள் தெருவில் எல்லோரும் “குடும்பக் கட்டுப்பாடு” என்றே சொல்கிறார்கள். நல்ல சொல்தான், எல்லோருக்கும் புரிகிறது.

ஆனால் இதிலும் ஒரு பொறி இருக்கிறது. பலர் மனம் சோர்ந்து விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். மறுபடி நம் பத்துப் பூனைகளுக்கு வருவோம். ஆறு பெட்டைகளில் மூன்றுக்கு அறுவை செய்கிறோம். மீதி மூன்றும் 12, 13 குட்டி போடும். பிறக்கும் குட்டிகள் பாதியாகிவிட்டதால் அவற்றுக்குள் போட்டி குறைகிறது. தப்பும் விகிதம் கூடுகிறது. பாதி தப்பினால் ஆறு. ஒன்றுமே செய்யாத காலத்திலும் தப்பியது ஆறு! காசும் உழைப்பும் செலவழித்து, முன்பிருந்த அதே இடத்தில் நிற்கிறோம்.

ஐந்து பெட்டைகளுக்குச் செய்தால்? மிஞ்சிய ஒன்று நாலு குட்டி போடும். பாதி தப்பினாலும் இரண்டுதான். ஒரு தெருக்குடியில் வயதாலும் விபத்தாலும் வருஷத்துக்கு இரண்டு மூன்று பூனைகள் குறைவது இயல்பு. தராசு அப்போதுதான் மெல்லக் கீழே சாயத் தொடங்குகிறது. கலிபோர்னியாவின் சான் டியேகோ வட்டாரத்திலும் ஃபுளோரிடாவின் அலச்சுவா வட்டாரத்திலும் பல ஆண்டுப் பதிவுகளை வைத்து 2005இல் செய்த கணக்கு, பூனைகளில் 71 முதல் 94 சதவீதத்துக்குக் கருத்தடை ஆனால்தான் எண்ணிக்கை இறங்கும் என்றது.

பெட்டைகளுக்கு ஏன் முதலிடம் என்பதும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. நாலு கடுவன்களில் மூன்றுக்கு அறுவை செய்தாலும் மிச்சமுள்ள ஒன்று ஆறு பெட்டைகளுக்கும் போதும். கடுவன்களுக்குச் செய்வதால் கிடைக்கும் பயன் வேறு: நடுராத்திரிச் சண்டை, குழந்தை அழுவது போன்ற அந்த ஓலம், சுவர்களில் அடிக்கும் மூத்திர நெடி மூன்றும் அடங்கும். கடிபட்டுச் சீழ் பிடிப்பதும், கடி வழியே தொற்றும் நோய்களும் குறையும். பூனைகளை வெறுக்கும் பக்கத்து வீட்டுக்காரரை நம் பக்கம் இழுப்பது பெரும்பாலும் இந்த அமைதிதான்.

இஸ்ரேலில் ரிஷோன் லெட்சியோன் நகரில் 12 ஆண்டுகள் நடந்த ஆய்வு, 2022இல் வெளியானது, இன்னொரு பாடத்தைத் தந்தது. முதலில் நகரத்தின் பகுதிகளில் பாதியில் மட்டும் கருத்தடையைத் தீவிரமாகச் செய்தார்கள். எண்ணிக்கை இறங்கவில்லை, பக்கத்துப் பகுதிகளிலிருந்து கருத்தடை ஆகாத பூனைகள் உள்ளே வந்துகொண்டிருந்தன. பிறகு இடைவெளி விடாமல் எல்லாப் பகுதிகளிலும் செய்து 70 சதவீதத்தைத் தாண்டிய பிறகுதான் ஆண்டுக்கு ஏறத்தாழ 7 சதவீதம் என்று இறங்கத் தொடங்கியது. அறுவையான பூனைகள் எல்லையைக் காத்துப் புதியவற்றை உள்ளே விடாது என்று சொல்வது ஓரளவுக்குத்தான் சரி. ஊரெல்லாம் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் செய்வதைவிட, ஒரு தெருவை முழுசாக முடித்து, அதை ஒட்டிய தெருவுக்குப் போவதே வேலைக்காகும்.

நூற்று ஐம்பத்தைந்தில் இருபத்து மூன்று

கணக்கு தாளில் சரியாக வருகிறது. தரையில்?

ஃபுளோரிடாவில் ஒரு பல்கலைக்கழக வளாகம், மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகம். 1991இல் அங்கே தன்னார்வலர்கள் பூனைகளைப் பிடித்துக் கருத்தடை செய்யத் தொடங்கினார்கள். 11 பூனைக்குடிகள். ஒவ்வொரு பூனைக்கும் பதிவு வைத்தார்கள்: நிறம், எங்கே உண்கிறது, எப்போது அறுவை, பிறகு என்ன ஆனது. 2002 வரையிலான அந்தப் பதிவுகளைக் கால்நடை மருத்துவர் ஜூலி லெவியும் கூட்டாளிகளும் ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள்.

அந்த 11 ஆண்டுகளில் வளாகத்தில் வாழ்ந்தவை மொத்தம் 155 பூனைகள். 1995க்குப் பிறகு அங்கே ஒரு குட்டிகூடப் பிறக்கவில்லை. கடைசியில் இருந்தவை 23.

இந்தக் குறைவு எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். 155இல் 47 சதவீதம், கிட்டத்தட்ட பாதி, வீடுகளுக்குத் தத்துப் போயின. மனிதரோடு பழகும் பூனைகளையும் குட்டிகளையும் தேடித் தேடி வீடு பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். இடையில் புதிதாக வந்து சேர்ந்த பூனைகளையும் உடனே கண்டுபிடித்து, அவை குட்டி போடும் முன்பே அறுவையோ தத்தோ செய்துவிட்டார்கள். கத்தி பாதி வேலையைச் செய்தது. மீதியைச் செய்தவர்கள், தினமும் ஒரே நேரத்துக்குத் தட்டோடு போய் நின்றவர்கள். மாசசூசெட்ஸின் நியூபரிபோர்ட் துறைமுகக் கரையில் 1992இல் ஏறக்குறைய 300 பூனைகள் இருந்தன. இதே வழியில் 2009இல் கடைசிப் பூனையும் முதுமையில் இறந்து அந்தக் குடி முடிந்தது. 17 வருஷம். இந்த வேலையில் அவசரம் என்பது தொடக்கத்தில் மட்டும்தான்.

கூண்டு மூடும் சத்தம்

எங்கள் தெருவில் முதலில் பிடித்தது ஒரு மூன்று நிறப் பூனையை. வெள்ளையில் கறுப்பும் செம்மையும் திட்டுத் திட்டாக. அதை முதலில் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. செந்நிறம் தரும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. செம்மையும் கறுப்பும் ஒரே உடலில் வர வேண்டுமானால் இரண்டு எக்ஸ் வேண்டும். இரண்டு எக்ஸ் உள்ளது பெட்டை. ஆகவே மூன்று நிறப் பூனை ஏறக்குறைய எப்போதும் பெட்டைதான். கிட்டே போய்ப் பார்க்க முடியாத பூனைகளில் இந்த ஒரு வகையைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

முந்தின நாள் மாலை யாரும் தீனி வைக்கக்கூடாது என்று எல்லா வீட்டிலும் சொல்லி வைத்தோம். மாடிவீட்டுப் பாட்டி மட்டும் மனசு கேட்காமல் ஒரு பிடி வைத்துவிட்டார், அதனால் ஒருநாள் தள்ளிப் போனது. மறுநாள் இரவு 11 மணி. நீளமான கம்பிக் கூண்டு. உள்ளே கடைசியில் பொரித்த மத்தி. நடுவில் மிதித்தால் கதவு விழும் தகடு. காலில் கம்பி படாமல் இருக்க அடியில் செய்தித்தாள். மூன்று நிறத்தாள் வந்தாள். கூண்டைச் சுற்றி இரண்டு முறை நடந்தாள். தலையை உள்ளே நீட்டி, பின்னங்கால்களை வெளியே ஊன்றிக்கொண்டு, கழுத்தை எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்து மோந்தாள். பிறகு ஒரு காலை எடுத்து வைத்தாள்.

கதவு விழும் சத்தம் தெருவெல்லாம் கேட்டது. கம்பியில் முட்டி மோதினாள். பழைய போர்வையை எடுத்து ஓடிப்போய்க் கூண்டை முழுக்க மூடியதும் பத்து விநாடியில் அடங்கிவிட்டாள். இருட்டும் மறைப்பும் பூனைக்குப் பாதுகாப்பு. போர்வையில்லாமல் கூண்டு வைக்கவே கூடாது என்பதை அன்று கையோடு கற்றேன்.

மருத்துவமனையில் மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றைத் தடவிப் பார்த்து, மடியில் பால் இருக்கிறதா என்று முதலில் பார்த்தார் மருத்துவர். குட்டி போட்ட பூனை ஏழு வீடு மாற்றும் என்பது நம் ஊர்ச் சொல். இடைஞ்சலோ, மனித நடமாட்டமோ, கெட்ட வாடையோ வந்தால் தாய் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வேறு மறைவுக்குப் போய்விடும் என்பதால் அந்தச் சொல்லில் உண்மை இருக்கிறது. அப்படி எங்கோ குட்டிகள் ஒளிந்திருந்தால் தாயை நீண்ட நேரம் வைத்திருப்பது அவற்றைப் பட்டினி போடுவதாகும். இவளுக்குப் பால் இல்லை.

அதே மயக்கத்தில் இடது காதின் நுனியை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நேராக வெட்டிவிடுகிறார்கள். கேட்கவே பலருக்கு முகம் சுளிக்கும், எனக்கும் சுளித்தது. ஆனால் கழுத்துப்பட்டை கழன்றுவிடும், எங்காவது மாட்டிக்கொள்ளும். காதுக் குறி சாகும் வரை இருக்கும். மதில்மேல் உட்கார்ந்திருக்கும் பூனையை இருபதடி தூரத்திலிருந்து பார்த்தே “இது முடிந்தது” என்று சொல்லிவிடலாம். குறி இல்லாவிட்டால் அதே பூனையை மறுபடி பிடித்து, மறுபடி மயக்கி, மறுபடி வயிற்றைக் கிழித்துப் பார்க்க நேரிடும். ஜப்பானில் நுனியை ஆங்கில ‘வி’ வடிவில் வெட்டுகிறார்கள். காது செர்ரிப் பூவின் இதழ் போல ஆகிவிடுவதால் அங்கே அவற்றுக்குச் ‘செர்ரிப்பூப் பூனை’ என்று பொருள்படும் பெயர், சகுரா நெக்கோ.

மூன்றாம் நாள் காலை, பிடித்த அதே ஷெட் வாசலில் கதவைத் திறந்தோம். அம்பு போலப் போனாள். பதினொரு மணிக்கு மீன்கூடையருகே உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

தட்டும் நோட்டும்

பூனை என்றால் பால் என்று பழகிவிட்டோம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும். தண்ணீரே போதும். தயிர்சாதமும் வயிற்றை நிரப்பும், உடலைத் தேற்றாது. டாரின் என்ற ஒரு பொருள் பூனைக்குப் போதுமான அளவு தானாகச் சுரக்காது, இறைச்சியிலும் மீனிலும்தான் கிடைக்கும். அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். சாதம் போடுவதென்றால் வேகவைத்த மீனையோ கோழியையோ நிறையப் பிசைந்து, உப்பும் காரமும் வெங்காயமும் இல்லாமல் போடுங்கள். ஒன்றை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்: காய்ச்சலாக இருக்கிறதே என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். அதைக் கழித்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் போதுமான அளவு இல்லை. நமக்குத் தலைவலி தீர்க்கும் ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

தினமும் ஒரே இடம், ஒரே நேரம், அரைமணி நேரம். பிறகு தட்டை எடுத்துக் கழுவிவிட வேண்டும். மிச்சம் கிடந்தால் எலியும் காக்கையும் வரும், அக்கம்பக்கத்தில் புகார் வரும். எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேறொன்று. குறித்த நேரத்தில் தட்டு வைத்தால் எல்லாப் பூனைகளும் ஒரே நேரத்தில் கண்முன் வருகின்றன; எண்ண முடிகிறது. யார் வரவில்லை, யார் நொண்டுகிறார்கள், யார் வயிறு பெருத்திருக்கிறது, யார் புதுசு எல்லாம் அந்த அரைமணியில் தெரிந்துவிடும். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தால் போதும். ஃபுளோரிடாவில் ஆய்வாளர்களுக்குக் கிடைத்ததும் அப்படிப்பட்ட பதிவுதான்.

தீனி வைப்பவர்களை ஏதோ குற்றம் செய்பவர்களைப் போலத் திட்டுவதைப் பார்க்கிறேன். இந்தியாவில் 2023இல் வந்த விலங்குக் கருத்தடை விதிகள் யாரும் உரிமை கோராமல் ஒரு வட்டாரத்தில் பிறந்து வாழும் விலங்குகளைச் ‘சமூக விலங்கு’ என்றே பெயரிட்டு, அவற்றுக்குத் தீனி வைக்க இடமும் நேரமும் ஒதுக்கும் பொறுப்பைக் குடியிருப்போர் சங்கங்களுக்குத் தந்திருக்கின்றன. கருத்தடை இல்லாமல் தீனி மட்டும் வைத்தால் தாங்குதிறன்தான் கூடும், அதை மறுக்க முடியாது. இரண்டும் சேர வேண்டும்.

பூனை கடித்தாலோ ஆழமாகப் பிறாண்டினாலோ காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். வெறிநாய்க்கடி நோய் பூனை வழியாகவும் வரலாம். பூனைகளுக்கு அறுவையின்போதே அதற்கான தடுப்பூசி போடுவது அதனால்தான்.

பறவைகளின் பக்கம்

பூனை வேட்டைக்காரன். வயிறு நிறைந்திருந்தாலும் அசைவதைப் பார்த்தால் பாயும். தென்னாப்பிரிக்காவுக்குச் சொந்தமான மரியான் தீவுக்கு 1949இல் எலி பிடிக்க ஐந்து பூனைகளைக் கொண்டுபோனார்கள். தரையில் வளை தோண்டி முட்டையிடும் கடற்பறவைகளின் தீவு அது. பாலூட்டி எதிரியையே அறியாத பறவைகள். 1970களில் பூனைகள் ஆயிரக்கணக்கில் பெருகி, வருஷத்துக்கு லட்சக்கணக்கான பறவைகளைத் தின்றன. கடைசியில் 1991இல்தான் தீவு பூனையில்லாத தீவானது. அங்கே பூனைகளை அகற்றியது சரி என்றே நான் நினைக்கிறேன். சுற்றிலும் கடல், காலியான இடத்துக்கு வர வேறு பூனை கிடையாது. சாக்குக் கணக்கு தோற்காத இடம் அப்படிப்பட்ட தீவு ஒன்றுதான்.

சதுப்புநிலத்தை ஒட்டியும் காப்புக்காட்டின் ஓரத்திலும் பூனைகளுக்குத் தீனியிடம் அமைக்கக்கூடாது. அங்கே இருப்பவற்றில் பழகக்கூடியவற்றுக்கு வீடு தேட வேண்டும். மீன்கடைத் தெரு வேறு. அங்கும் அணிலும் தவிட்டுக்குருவியும் உண்டு, ஆகவே குடி சிறிதாகிக்கொண்டே போவது அவற்றுக்கும் நல்லது.

எங்கள் தெருவில் ஆறு பெட்டைகளுக்கும் மூன்று கடுவன்களுக்கும் முடிந்துவிட்டது. பழகிய இரண்டு குட்டிகள் அடுக்குமாடி வீடு ஒன்றுக்குப் போயின. நோட்டில் இப்போது ஏழு பெயர்கள். போன வாரம் மீன் வாங்கப் போனபோது அக்கா கத்தியாலேயே மதிலைக் காட்டினார்.

“தம்பி, அங்க பாரு. சாம்பல் கலரு. நேத்துதான் வந்துச்சு. ரெண்டு காதும் முழுசா இருக்கு.”

கூண்டு மாடியில் இருக்கிறது. இன்று மாலை யாரும் தீனி வைக்க வேண்டாம் என்று பாட்டியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.